எண்ணூருக்கு வராத கடிதங்கள்

விமான நிலையத்திலேயே மெட்ரோ ஏறியிருந்தால் விம்கோ நகர் வரைக்கும் உட்கார்ந்த இடத்தில் வந்திருக்கலாம். பெரிய இவளாட்டம் டாக்சி பிடித்தேன். திருவொற்றியூர் தாண்டியதும் எண்ணூர் விரைவுச் சாலை அதன் வேலையைக் காட்டிவிட்டது. பேரில்தான் விரைவு. கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கின்றன. டிரைவர் விருதுநகர்க்காரர். எஞ்சினை அணைத்துவிட்டு, "அக்கா, இங்க எப்பவுமே இப்படித்தானா?" என்றார். நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே இப்படித்தான் என்றேன். அவர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜன்னலை இறக்கினேன். கடல் உப்பு, டீசல், எங்கேயோ காய்கிற கருவாடு. மூக்கில் ஏறியதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஏசி போடவா அக்கா?" என்றார். வேண்டாம் என்றேன்.

"ஏய் ஜெசி! இன்னா அங்க குந்திகினு கீற?"

குரல் தலைக்கு மேலிருந்து வந்தது. பக்கத்து வரிசை டிரெய்லரின் ஜன்னலில் என் அண்ணன் சேவியர். காலி கன்டெய்னரோடு காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகிறவன் அதே நெரிசலில் மாட்டியிருக்கிறான். "நீ இந்த டாக்சில போனா பேஜாரு. இதுல ஏறு, வூட்டாண்ட வுட்டுட்டுப் போறேன்" என்றான். விருதுநகர்க்காரர் மகிழ்ச்சியாகப் பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்தார். பத்தொன்பது வருஷம் அமெரிக்காவில் இருந்தவள், டிரெய்லர் கேபினில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கத்திவாக்கம் போய்ச் சேர்ந்தேன்.

எதற்காக வந்தேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை இழுக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. எனக்கு மார்பில் புற்று. திரும்பிப் போனதும் அறுவை. கணவருக்கும் மகனுக்கும் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. ஃபோனில் சொல்லக்கூடிய விஷயமா இது? கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்று பதினோரு நாள் விடுப்பில் வந்திருந்தேன்.

இதில் ஒரு கூத்து உண்டு. நான் பார்க்கும் வேலையே புற்றுநோய்ப் பதிவேட்டில்தான். சோளக்காட்டு மாநிலம் ஒன்றில் இருக்கிறேன். அங்கே எந்த ஆஸ்பத்திரியில் யாருக்குப் புற்று என்று தெரிந்தாலும் அந்தத் தகவல் எங்கள் மேசைக்கு வந்தாக வேண்டும். என்ன வகை, எந்த நிலை, நோயாளி எந்தக் கவுண்டியில் வசிக்கிறார் என்று குறித்து ஏற்றுவோம். கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. ஆனால் சில கவுண்டிகளில் இருக்கிற ஜனம், காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க வருகிற கூட்டத்துக்குத் தேறாது. வருஷத்துக்கு ஒரு முறை அதெல்லாம் வரைபடமாகிச் சுவரில் ஏறும். குறைந்த கவுண்டி வெளிர் மஞ்சள், கூடுதலானது அடர் சிவப்பு.

பக்கத்துப் பக்கத்துக் கவுண்டிதான், ஒரே மழை, ஒரே சோளம், நிறம் மட்டும் வேறு. ஏன் என்று வருகிறவர் எல்லாரும் கேட்பார்கள். கிணற்றுத் தண்ணீரா, சிகரெட்டா, வயதானவர்கள் அதிகமா, சோதனை செய்கிற இடம் பக்கத்தில் இருப்பதால் அதிகம் பேர் மாட்டுகிறார்களா? இல்லை, விலாசமே தப்பா? அந்தக் கடைசிக் கேள்விதான் என் பிழைப்பு. மகன் வீட்டு விலாசத்தைக் கொடுக்கும் கிழவி, தபால் பெட்டி எண்ணை வீடு என்று எழுதும் விவசாயி, எல்லாரையும் தேடிப் பிடித்து அவரவர் கவுண்டியில் உட்கார வைப்பேன். இதில் எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயரும் உண்டு. விலாசத்தில் கோட்டை விட்டவர்களிடம் என் வாய் நீளும்.

இரண்டு மாதத்துக்கு முன் என் தகவலே வந்தது. சொந்தத் தகவலைத் தானே ஏற்றக் கூடாது என்பது விதி, பக்கத்து மேசைக்காரி ஏற்றினாள். எங்கள் கவுண்டி ரொம்பச் சின்னது. ஒரே ஒரு ஆள் கூடினாலும் நிறம் ஏறிவிடும். நான் அந்த ஒரு ஆள். பிறந்த நாடு என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது, இந்தியா என்று போட்டு மூடிவிட்டாள். எண்ணூர் என்று எழுத அதில் இடமில்லை. இருபத்தெட்டு வயது வரை நான் மூச்சு விட்ட ஊர் எந்தப் படத்திலும் ஏறாது. இந்த நோய் எண்ணூர்க் காற்றில் வந்ததா, சோளக்காட்டில் வந்ததா, இரண்டும் இல்லையா என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. சாவதற்குப் பயமாக இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதோடு, அந்தச் சோளக்காட்டுக் கணக்கில் ஒரு எண்ணாகப் போய்விடுவேனே என்பதும் பொறுக்கவில்லை. என் ஊர்க் கணக்கில் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று யாரிடம் கேட்பது?

அம்மா வாசலில் நின்றிருந்தாள். "மாதாவே, இன்னாடி இப்புடி எளச்சிட்ட? அங்க சோறே துன்றதில்லயா?" என்று பக்கவாட்டில் நின்று ஒரு கையால் அணைத்தாள். பெட்டியைத் தொடவில்லை. இடது கையில் வளையலும் இல்லை. கேட்டதற்கு, "இறுக்குது, கழட்டி வெச்சிட்டேன்" என்றாள். முடி கழுத்து வரைதான் வளர்ந்திருந்தது. ஒன்றரை வருஷம் முன்பு வேளாங்கண்ணியில் வேண்டுதல் என்று மொட்டைத் தலையோடு ஃபோட்டோ அனுப்பியிருந்தாள். அப்போது, "யாருக்காகம்மா இவ்வளவு பெரிய வேண்டுதல்?" என்று கேலி செய்தது ஞாபகம் வந்தது.

இரண்டாம் நாள் காலையில் காரப்பொடி மீன் வந்தது. விரல் நீளப் பொடி மீன், முள்ளோடு மென்று தின்ன வேண்டும். அம்மா மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். அமெரிக்காவில் எங்கள் ஊர்க் கடையில் கிடைக்கும் மீனுக்குத் தலையும் கிடையாது, முள்ளும் கிடையாது, கடைசியில் ருசியும் கிடையாது. மூன்று முறை சோறு வாங்கினேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் அம்மா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

தொழில் புத்தி சும்மா இருக்குமா? "நம்ம தெருவுல யாருக்காவது கேன்சர் வந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

"சே சே, நம்ப தெருவுல யாருக்கும் இல்ல. நீ சாப்புடு" என்றாள். சொன்ன வேகம் கொஞ்சம் கூடுதல். நான்தான் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாளும் போயிற்று. நாலாம் நாள், முதலில் ஷகீலாவிடம் சொல்லிப் பழகிக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். ஷகீலா என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள். எங்கள் பக்கத்து வீடு. கல்யாணமாகி சைதாப்பேட்டைக்குப் போனவள் அங்கேயே இருக்கிறாள். ஷேர் ஆட்டோவில் விம்கோ நகர், அங்கிருந்து மெட்ரோ. ஆட்டோவில் ஏழு பேர். என் மடியில் யாருடைய முருங்கைக்காய்க் கட்டோ இருந்தது. மெட்ரோவிலோ குளிர்பதனம், பளபளப்பு, ஒரு பொட்டுத் தூசி இல்லை. ஒரே ஊருக்குள் இரண்டு நாடு என்று நினைத்துக்கொண்டேன்.

ஷகீலா கதவைத் திறந்தவுடன், "வாடி அமெரிக்கா! இன்னா, டாலர் கொட்டுமா ஒதறுனா?" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் உட்காராமல், நின்றபடியே, ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். ஷகீலா சிரிப்பை நிறுத்திவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "யா அல்லா, உனக்குமா?" என்றாள்.

அந்த 'உம்' எனக்கு உறைத்தது. "உனக்குமான்னா? வேற யாருக்கு?"

அவள் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய துணிக்கடைப் பையைக் கழற்றிக் கட்டிலில் கொட்டினாள். எல்லாம் கடிதங்கள். தெற்கே இருக்கிற புற்றுநோய் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவை. எல்லாவற்றிலும் அவள் வீட்டு விலாசம், பெயர் மட்டும் வேறு வேறு.

விஷயம் இதுதான். எங்கள் பக்கத்தில் யாருக்கு அந்த வியாதி என்று தெரிந்தாலும் முதல் வேலையாக ஷகீலாவுக்கு ஃபோன் போடுவார்கள். ஆஸ்பத்திரி அவள் வீட்டிலிருந்து கிட்டே, கரன்ட் வைக்கிற, அதாவது கதிர்வீச்சு கொடுக்கிற, நாட்களில் தங்க இடம் வேண்டும். அதைவிடப் பெரிய காரணம், கடிதம் எண்ணூருக்கு வரக் கூடாது. தபால்காரர் கையில் அந்த உறையைப் பார்த்தால் தெருவுக்கே தெரிந்துவிடும், பெண் கேட்டு வருகிறவர்கள் அப்படியே திரும்பிவிடுவார்கள். அதனால் எல்லாருக்கும் இந்த ஒரே விலாசம். கடிதம் வந்தால் ஷகீலா ஃபோனில், "பத்திரிகை வந்துகீது, எப்ப வர்ற?" என்பாள். பக்கத்தில் யார் கேட்டாலும் கல்யாணப் பத்திரிகை என்று நினைத்துக்கொள்வார்கள்.

"எத்தினி வருசமா அங்க கீறீங்கன்னு ஆஸ்பத்திரில கேப்பாங்க. பொறந்ததுலேர்ந்துன்னு சொல்லுன்னு நானே சொல்லிக் குடுத்துடுவேன்" என்றாள் ஷகீலா, கொஞ்சம் பெருமையாகவே.

பத்தொன்பது வருஷமாக யாரையெல்லாம் திட்டினேனோ, அவர்கள் அத்தனை பேரும் இந்த ஒரு கட்டிலில் கிடந்தார்கள். இந்த ஊருக்கும் ஒருவர் படம் போட்டால், எங்கள் தெரு வெளிர் மஞ்சளாகச் சிரிக்கும், ஷகீலாவின் இரண்டு அறை வீடு அடர் சிவப்பாக இருக்கும். யாராவது ஆராய்ச்சியாளர் வந்து இந்த வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனாலும் போவார். இதைச் சொன்னதும் ஷகீலா சிரித்தாள், சிரித்தபடியே முக்காட்டால் கண்ணைத் துடைத்தாள்.

"நான் ஒருத்தருக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்துக்கீறேன், வாயத் தொறக்க மாட்டேன்னு. தொறக்கவும் மாட்டேன். நான் டீ போடப் போறேன். நீ இத்தயெல்லாம் பேர் பேரா அடுக்கி வை. உனக்குத்தான் அந்த வேலை தெரியுமே."

அடுக்கினேன். அந்தோணி மாமா. மீன் விற்கிற கன்னியம்மா. பள்ளிவாசல் தெரு காதர் பாய். நான் தூக்கி வளர்த்த டெய்சி. ஏழாவதோ எட்டாவதோ உறையில் லூர்து மேரி என்று இருந்தது. என் அம்மா.

உள்ளே இருந்த கடிதத்தை மூன்று முறை படித்தேன். மார்பகம், இடது. சிகிச்சை முடிந்தது. வருடாந்திரப் பரிசோதனைக்கு வரும் வியாழக்கிழமை வரவும். அறுவை செய்த பக்கத்துக் கை வீங்கும், கனம் தூக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். வளையல் இல்லாத கை, பக்கவாட்டில் நின்று அணைத்தது, தூக்காத பெட்டி, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. வேளாங்கண்ணி மொட்டையும் வந்தது. அந்த மொட்டையை நான் கேலி செய்திருக்கிறேன். கட்டிலில் முகத்தைப் புதைத்து வாய்விட்டு அழுதேன்.

வண்ணாரப்பேட்டையில் ஷகீலாவுக்கு நாத்தனார் வீடு, நானும் வருகிறேன் என்று என்னோடு கிளம்பிவிட்டாள். வழியில் மெட்ரோவை விட்டு இறங்கி, கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே என்னை நிறுத்தி, அத்தோ வாங்கித் தந்தாள். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த பண்டம். மஞ்சள் நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணி எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருவார்கள், கூடவே வாழைத்தண்டு சூப். படிக்கும் நாளில் ஒரு தட்டு வாங்கி இரண்டு பேர் தின்போம். "பசிக்கல" என்றேன். "கம்முனு துன்னு" என்றாள். தின்றேன். பாழாய்ப்போன வயிறு, அந்த நேரத்திலும் ருசிக்கிறது.

"இப்ப உனக்கே தெரிஞ்சிபோச்சி, சத்தியம் இனிமே எனக்கு இல்ல" என்று மீதியைச் சொன்னாள். அம்மா மூன்று மாதம் அவள் வீட்டில் இருந்திருக்கிறாள். என்னிடம் மூட்டுவலி வைத்தியம் என்று சொல்லியிருந்தார்கள். அண்ணனுக்குத் தெரியும். அவன் மகள் பிரின்சிக்கு மாப்பிள்ளை பார்ப்பதால் தெருவுக்குத் தெரியக் கூடாது. எனக்குத் தெரிந்தால் ஓடி வந்துவிடுவேன், வேலை போய்விடும், அதனால் எனக்கும் தெரியக் கூடாது. "இந்த வாட்டி நீ இருக்கறதால அம்மா ஆஸ்பத்திரிக்கு வரலன்னுட்டாங்க. அப்பால பாத்துக்கலாமாம்" என்றாள்.

என் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்பது. இல்லை என்று அடித்துச் சொல்லியிருந்தேன். அந்த ஒரு பதில் மாறினால் என் அறுவையே மாறலாம். காற்றா தண்ணீரா என்று படத்தைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தவளுக்கு, வந்த வழி அம்மாவின் உடம்பாகவும் இருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது. விநோதமாக, அதில் ஒரு ஆறுதலும் இருந்தது. அவளிடமிருந்து எது வந்தாலும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அதற்குப் பிறகு நாலு நாள், ஒரே வீட்டில் இரண்டு பொய்க்காரிகள். அவள் வஞ்சிரம் வறுப்பாள், நான் தின்பேன். அவள் தூங்கும்போது இடது பக்கம் சேலையை இழுத்து மூடிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். அண்ணனிடம் மட்டும் ஒரு நாள் வெடித்துவிட்டேன். "எனக்குச் சொல்லணும்னு தோணலையாடா உனக்கு?" ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே, "அம்மா செபமாலை மேல கை வெக்கச் சொல்லிச்சி. நான் இன்னா பண்றது?" என்றான். திட்ட வாய் வரவில்லை. நானும் என்னத்தைச் சொல்லிவிட்டேன்?

புதன்கிழமை சாயங்காலம், "நாளைக்கு ஷகீலா வீட்டுக்குப் போலாம்மா" என்றேன். அம்மா அரிசி களைவதை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். "அவ சொல்லிட்டாளா?"

"இல்ல. கடுதாசி அடுக்கச் சொன்னா."

"தந்திரக்காரி" என்று அம்மா சிரித்தாள். பிறகு ஈரக் கையோடு என் முகத்தைத் தடவி, "கோச்சுக்காத கண்ணு. நீ அங்க தனியா குந்தி அழுவியேன்னுதான்" என்றாள். கோபமே வரவில்லை. என்னுடையதை அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். நாளைக்கு அவள் பரிசோதனைக்குப் போகட்டும், அதற்கு முன் ஏன் என்று மனசு ஒரு சாக்குக் கண்டுபிடித்தது.

வியாழக்கிழமை மெட்ரோவில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, "ஏரோப்ளேன் மாதிரி கீது, இல்ல?" என்றாள். விமானத்தில் ஏறியதே இல்லை அவள். ஆஸ்பத்திரிக் கூடத்தில் எல்லாப் பக்கத்துத் தமிழும் கேட்டது. சேலத்துக்காரர் ஒருவர் நாகர்கோவில்காரரிடம் சாப்பாட்டுக் கடை எங்கே என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பதிவு மேசையில் ஒரு இளம்பெண், மரியாதையான பெண். அம்மாவின் அட்டையை வாங்கிக் கம்ப்யூட்டரில் திறந்தாள்.

"அட்ரஸ் அதே சைதாப்பேட்டைதானேம்மா?"

"அதாம்மா" என்றாள் அம்மா, கண் இமைக்காமல். எனக்கு நாக்கு அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"வீட்ல வேற யாருக்காவது இந்த நோய் இருக்கா? கூடப் பிறந்தவங்க, பிள்ளைங்க?"

"யாருக்கும் இல்லம்மா. மாதா புண்ணியம்."

அந்தப் பெண்ணின் விரல் விசைப்பலகை மேல் போயிற்று. இன்னும் ஒரு நொடி போனால் இல்லை என்று ஏறிவிடும். அந்த மேசையில் ஏறுகிற பொய் எத்தனை வருஷம் நிற்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

"இருக்கு" என்றேன். "மகளுக்கு. மார்புலதான்."

அம்மா திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு மார்பைப் பார்த்தாள், மறுபடி முகத்தை. கனம் தூக்கக் கூடாத அந்த இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலிக்கிற அளவுக்குப் பிடித்தாள்.

அந்தப் பெண்ணுக்கு நான்தான் அந்த மகள் என்று தெரியாது. "மகள் எந்த ஊர்ல இருக்காங்க?" என்றாள்.

கவுண்டியின் பெயரும் மாநிலத்தின் பெயரும் என் வாய் வரை வந்தன.

"எண்ணூரும்மா" என்றாள் அம்மா. உரக்கத்தான் சொன்னாள். "கத்திவாக்கம், எண்ணூர். எழுதிக்க."

"அப்போ நீங்க மட்டும் சைதாப்பேட்டையில..."

"இல்ல. நானும் அங்கதான். அத்த அடிச்சிடு. எங்க ரெண்டு பேரையும் ஒரே வூட்ல போடு."

"இனிமே லெட்டர் எல்லாம் எண்ணூருக்குத்தான் வரும், பரவாயில்லையாம்மா?"

"வரட்டும்" என்றாள் அம்மா.

அந்தப் பெண் அடித்து முடித்துவிட்டு, சரியா என்று பார்க்கச் சொல்லித் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். மகள், கத்திவாக்கம், எண்ணூர் என்று இருந்தது. பத்தொன்பது வருஷமாகத் தப்பான விலாசங்களைத் திருத்திச் சோறு தின்கிறவள் நான். சரி என்று தலையாட்டினேன்.